முத்தாயியின் முறைப்பாடு

கண்டி, 6 நவம்பர் 1934

வத்தேகமவில் கொழுந்து பறிக்கும் முத்தாயி, தோட்டத்துத் துரைக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதித் தரும்படி மழையில் என்னிடம் நடந்து வந்தாள். தோட்டம் கொடுத்த அவளுடைய லயத்து வீட்டின் கூரை இரண்டு வருடமாக ஒழுகுகிறது.

“கம்ப்ளேன்னு மட்டும் எழுதிராதீங்கம்மா, தொரைக்கு ஆகாது. நல்லாருக்கோம், கொஞ்சம் ஒழுகுதுன்னு போடுங்க.”

“நல்லா இருக்கிறவளுக்குக் கூரை ஏனடி?” என்றேன். ‘ஐ கம்ப்ளேன்’ என்றே தொடங்கி எழுதி, தமிழில் படித்துக் காட்டினேன்.

“அப்ப கக்கூசையும் சேத்துக்கிருங்க. கங்காணி ஏசுறதையும்.”

இரண்டாம் தாள் எடுக்க வேண்டியதாயிற்று.

கைநாட்டு வைத்தவள் அவள். துரை சினந்தால் வேலையும் லயமும் போவது அவளுக்குத்தான்; எனக்கு ஒரு நட்டமுமில்லை. ஆகவே என் வீட்டுப் பின்னறையை ஒழித்துப் பெருக்கி வைத்திருக்கிறேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த அறையைப் பற்றியும் முறையிடத் தொடங்கிவிடுவாள்.