நாளைக்குப் பதில் சொல்கிறேன் என்று போனவனுக்கு

நான் எழுதிக் கொடுத்ததை ஒருநாளும் எழுதியபடி படிக்காத என் அருமை மாப்பிள்ளைக்கு,

உன் வருஷத் திதிக்கு அச்சடிக்கும் தாளில் நாலு வரி எழுதித் தரச் சொன்னார் பால் சங்கச் செயலாளர். நாலு வரியில் நிறுத்துகிற திறமை எனக்கு இல்லை என்பது உனக்குத் தெரியும். "மச்சான், பாலு கெட்டுப்போறதுக்குள்ள முடியிற மாரி எழுது" என்று எத்தனை முறை என் தாளைத் திருப்பிக் கொடுத்திருக்கிறாய்! இதையும் நீதான் குறைக்க வேண்டும். எப்படிக் குறைப்பாய்?

இங்கே எல்லோரும் நலம். உன் குரலும் நலம். அதுதான் சங்கடம்.

நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், கோபிக்காதே. உத்திரமேரூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்ப் பால் சங்கத்தில், காலையில் பாலைச் சோதித்து அளந்து முடிக்கும்வரை எல்லோரும் கேனோடு நிற்க வேண்டும். அந்த நேரத்துக்கு ஒரு சின்னப் பாடம். பால் பொங்குவதுபோலத் தண்ணீர் ஏன் பொங்குவதில்லை, கோயில் தூணில் இருக்கும் யாளியின் வாய்க்குள் உருளும் கல் எப்படி உள்ளே போனது, கோலத்துக்குப் புள்ளி எதற்கு என்று தினம் ஒன்று. நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நான், புத்தகங்களைப் புரட்டி, சரிபார்த்து, மறுபடியும் சரிபார்த்து எழுதுவேன். என் தங்கை வசந்தாவின் கணவனான நீ படிப்பாய். முந்தின நாள் சாயங்காலமே சங்கத்து அறையில் பதிவு செய்து மெமரி கார்டில் ஏற்றிவிடுவோம். காலையில் சுவிட்சைப் போட்டால் ஒலிபெருக்கி பேசும். முடிவில் ஒரு கேள்வி இருக்கும். பதில் மறுநாள்.

படிப்பாய் என்றா சொன்னேன்? சண்டை போடுவாய். "பூமி சுத்துதுன்னு மச்சான் எழுதி கீறாரு. எனக்கு இன்னாவோ நம்ப கெணறு அதே எடத்துலதான் கீது" என்பாய். பாடத்தை நடுவில் விட்டுவிட்டு, "இன்னா கன்னியம்மா, எருமை கன்னு போட்டுதா?" என்பாய். மறுநாள் காலை கன்னியம்மா ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்து, "போட்டுச்சு நைனா, கெடேரி!" என்று கத்துவாள். வரிசை முழுக்கச் சிரிக்கும். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, எழுதியதில் பிழை ஏதும் இருக்குமோ என்று பயந்துகொண்டிருப்பேன்.

நாம் கடைசியாகப் பதிவு செய்தது நிழல் பாடம். காலை நிழல் ஏன் நீளம் என்று ஆரம்பித்து, சாயா தேவி கதைக்குப் போயிருந்தேன். சூரியனின் வெப்பம் தாங்காத மனைவி சஞ்ஞா தேவி, தன் நிழலையே தன்னைப்போல சாயா என்றொரு பெண்ணாக்கி, அவளை வீட்டில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். புருஷனுக்கும் தெரியவில்லை, பிள்ளைகளுக்கும் தெரியவில்லை. வீட்டில் இருப்பது நிழல்தான் என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இதுதான் கேள்வி.

கண்டுபிடிப்பவன் சஞ்ஞாவின் மகன் எமன். அந்தப் பெயரை முதல் நாளே சொல்ல வேண்டாம் என்று பதிலுக்காக ஒதுக்கி வைத்திருந்தேன். நீ சும்மா இருந்தாயா? "பதிலு எமன் கையில கீது. நாளைக்கு அவனையே கூட்டினு வந்து சொல்ல வெக்கிறேன்" என்று உன் பாட்டுக்குச் சேர்த்துவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய்.

விடிவதற்குள் உனக்கு நெஞ்சுவலி. வசந்தாவின் குரல் கேட்டு நான் ஓடிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

சங்கத்தில் விஷயம் தெரியாமல் யாரோ வழக்கம்போலச் சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். செய்தி கேட்டு உன் வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தவர்கள், தெருவில் உன் குரலைக் கேட்டதும் நின்றுவிட்டார்கள். "எவனோ பொய்யி சொல்லிட்டான்டா, அதோ பேசிக்கினு கீறாரு பாரு" என்று திரும்பியும் போனார்கள். உன் உடம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வசந்தா தலை நிமிர்ந்தாள். எழுந்து வாசல்வரை போனாள். அப்போது அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன் மாப்பிள்ளை. அதை மறக்க முடிந்தால் நிம்மதியாக இருக்கும்.

கருமாதி முடிந்த பிறகு, கார்டில் அழியாமல் மிஞ்சியிருந்த முப்பது சொச்சம் பழைய பாடங்களையே வரிசையாகப் போடத் தொடங்கினார்கள். வெயில் கொளுத்தும் நாளில், "மய வர மாரி கீது, சீக்கிரம் ஊத்திட்டுக் கெளம்புங்க" என்கிறாய். யாரும் சிரிப்பதில்லை, ஆனால் சிலர் வானத்தைப் பார்க்கிறார்கள். கன்னியம்மாவின் எருமை போன மாசியில் செத்துப்போனது. இப்போது அவள் பசும்பால் ஊற்றுகிறாள். எருமை கன்று போட்டதா என்று நீ கேட்கிறாய். அவளும் விடாமல், "அது உன்னாண்டதான் வந்துச்சு நைனா, பாத்துக்க" என்கிறாள்.

ஒரு சுற்று முடியும்போது நிழல் பாடம் வரும். நாளைக்கு எமனைக் கூட்டிவருவதாகச் சொல்வாய். மறுநாள், ஒன்றுமே நடக்காததுபோல, முதல் பாடத்தில் பால் பொங்கும். வசந்தா நிழல் பாடத்தன்று சங்கத்துப் பக்கமே வருவதில்லை. மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து ஒலிபெருக்கிக்குக் கீழே நிற்பாள். முதல் பாடம் தொடங்கியதும் கேனைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

ஒருநாள் கேட்டுவிட்டேன். "நாளைக்கு சொல்றேன்னாரேணா. ஒருவேள..." என்றாள். படித்தவன் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? கார்டில் இருப்பதுதானே வரும் என்றா? அந்தக் காலைகளில் என் காதும் அங்கேதான் இருக்கிறது.

பதில் என்னிடம் இருந்தது. நானே படித்திருக்கலாம். ஆனால் மைக்கைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறவன் நான். அந்தச் சமயத்தில்தான் செயலாளரின் மருமகன் லீவில் வந்தார். "நீங்க டைப் பண்ணா போதும் சார், கம்ப்யூட்டரே அவரு வாய்ஸ்ல பேசும்" என்றார். உன் பழைய பாடங்களை எடுத்துக் கொடுத்தேன். வசந்தாவுக்கு ஒரு பதில் கிடைக்கட்டுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் பயத்துக்கும் ஒரு மறைவு கிடைத்தது.

போன மாதம், நிழல் பாடத்துக்கு மறுநாள், யாரிடமும் சொல்லாமல் அதைப் போட்டோம். வசந்தா கீழே நின்றிருந்தாள். நீ பேசினாய். சாயா தேவி தன் பிள்ளைகளிடம் ஒரு மாதிரியும் சஞ்ஞாவின் பிள்ளைகளிடம் வேறு மாதிரியும் நடந்துகொண்டதை, எமன் கோபத்தில் காலை ஓங்கியதை, அந்தக் கால் அற்றுப் போகட்டும் என்று அவள் சபித்ததைச் சொன்னாய். பெற்றவள் எவ்வளவு கோபம் வந்தாலும் பிள்ளையை இப்படிச் சபிப்பாளா, இவள் என் தாய் இல்லை என்று எமன் தந்தையிடம் போய் முறையிட்டதைச் சொன்னாய். உன் குரல்தான். உன் கரகரப்புதான். ஒரு சொல் பிசகவில்லை.

கன்னியம்மா அண்ணாந்தபடி காத்திருந்தாள். ஒலிபெருக்கி அவளை விசாரிக்கவே இல்லை. "இன்னாது, நைனா இன்னிக்கு ரொம்ப மரியாதையா பேசிக்கினு கீது? ஒடம்பு கிடம்பு செரியில்லியா?" என்றாள்.

"செத்தவருக்கு இன்னாடி ஒடம்பு?" என்று யாரோ சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

வசந்தா நேராக, நான் நின்றிருந்த கதவுக்குப் பின்னால் வந்தாள். அவள் அழவில்லை.

"ணா, இது அவரு இல்ல."

"குரல் அவருதும்மா" என்றேன்.

"கொரலு அவுருதுதான். நீ எழுதனத அப்பிடியே படிக்குதே. அவரு என்னிக்குணா அப்பிடிப் படிச்சாரு? உன்ன ஒரு வார்த்த கிண்டல் பண்ணாம முடிச்சி கீறாரா?"

எமன் நிழலைக் கண்டுகொண்டது அதன் சாபத்தால். என் தங்கை கண்டுகொண்டது அதன் பணிவால். ஊருக்கெல்லாம் அந்தப் பாடத்தை எழுதியவனுக்கு அது உறைக்கவில்லையே?

"பழசையும் நிறுத்திடட்டுமா?" என்று கேட்டேன்.

"அத ஏன் நிறுத்தணும்? அது அவரு பேசுனது. பேசாதத பேச வெக்காதணா." போகத் திரும்பியவள் கேனைக் கீழே வைத்தாள். "எமனக் கூட்டினு வரேன்னாரு. அவனும் வந்துட்டுப் போயிட்டான். மிச்சம் கீறது பதிலுதானே? அத நீ சொல்லு. நான் வந்து நிக்கிறேன்."

அன்றைக்கே அந்தப் பதிவை என் கையாலேயே அழித்தேன். அழிப்பதற்கு முன், உன்னிடம் சொல்லிக்கொள்வதுபோல ஒருமுறை முழுக்கக் கேட்டேன். அதில் நீ இல்லையென்றால் ஏன் கேட்க வேண்டும்?

இப்போது மத்தியானத்தில் சங்கத்து அறை காலியாக இருக்கும்போது போய்ப் படித்துப் பார்க்கிறேன். என் குரல் பூனைக்குட்டிபோல வருகிறது. நடுவில் கன்னியம்மாவை ஒரு வார்த்தை விசாரிக்க வேண்டும். அதையும் தாளில் எழுதி வைத்திருந்தேன், பிறகு அடித்துவிட்டேன். எழுதி வைத்துக்கொண்டு விசாரித்தால் நன்றாகவா இருக்கும்?

திதிக்கு முந்தின நாள் நிழல் பாடத்தைப் போடச் சொல்லியிருக்கிறேன். நீ உன் வாக்கைச் சொல்லிவிட்டுப் போ. மறுநாள் காலை, கதவுக்கு முன்னால் வந்து, பதிவு எதுவும் இல்லாமல், எல்லோரும் பார்க்க நின்று பதில் சொல்வேன். நீ குறுக்கிடக்கூடிய இடங்களைத் தாளில் குறித்து வைத்திருக்கிறேன். அந்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு மூச்சு நிறுத்துவேன். நீ பேசமாட்டாய் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நிறுத்துவேன்.

உன் கிண்டலுக்கு இன்னும் இடம் விட்டு எழுதும்,
உன் மச்சான்