காலடியில் விழுந்த நிழல்

பசியாவரம்
12-3-1973

என் மாமாவுக்கு லோகநாயகி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அத்தையும் நானும் சுகம். அங்கே நீங்கள் சுகமாக இருப்பது நீங்கள் அனுப்பிய போட்டோவிலேயே தெரிகிறது. இந்தக் கடிதத்தை யாரையும் எழுதித் தரச் சொல்ல முடியாது என்பதால் நானே எழுதுகிறேன். எழுத்துப்பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அத்தைக்குத் தரையில் கால் பாவவில்லை. விசாகப்பட்டினத்தில் விசைப்படகில் இருக்கும் மகன் என்று குப்பம் முழுக்கப் படத்தைக் காட்டிவிட்டு, "எம்புள்ள எளச்சிட்டாண்டி"ன்னு ஒரு பாட்டம் அழுதார்கள். நீங்கள் இளைக்கவில்லை. சட்டையும் புதிது.

செவ்வாய்க்கிழமை நண்டு விற்கப் பழவேற்காட்டுக்குப் படகேறினேன். ஒல்லாந்தர் கல்லறை வாசலில் பட்டணத்து ஆள் ஒருவர் அங்கே செதுக்கியிருக்கும் எலும்புக்கூட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஆதிகேசவன் என்று பெயராம். அவருடைய போட்டோப் பெட்டிக்கு மேலும் கீழுமாக இரண்டு கண். அதை வயிற்றோடு வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து மேலிருந்து உள்ளே பார்க்கிறார். எதிரே இருப்பதை விட்டுவிட்டுத் தன் தொப்புளைப் பார்க்கிற மனுஷனை எப்படி நம்புவது? கூடையோடு நின்றுவிட்டேன்.

என்னையும் பார்க்கச் சொன்னார். உள்ளே கண்ணாடியில் தெரு தெரிந்தது. ஆனால் கடைத்தெருவுக்குப் போகிற மாட்டுவண்டி அதில் எதிர்ப்பக்கம் போனது. "இன்னா சார், உன் பொட்டி பொய் சொல்லுதே"ன்னேன். கண்ணாடிதான் இடவலம் மாற்றிக் காட்டும், கழுவி எடுத்த படத்தில் எல்லாம் சரியாக இருக்கும் என்றார். படமும் பொய் என்று அவர் சொல்லியிருந்தால் நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன்.

அவர் வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றபோது நிழல் முன்னால் நீண்டு கிடந்தது. இரண்டு முழங்கையும் வெளியே தள்ளி, தலை குனிந்து. நீங்கள் அனுப்பிய படத்தில் இதே நிழலை உங்கள் காலடியில் பார்த்திருக்கிறேன். அத்தை அதைக் காயப்போட்ட வலை என்கிறார்கள். நானும் நாலு நாள் அப்படித்தான் நினைத்தேன். கூட வேலை செய்கிற அர்ஜுனன் எடுத்த படம் என்று எழுதியிருந்தீர்கள். அர்ஜுனனுக்குக் கொண்டை உண்டா மாமா? காற்றில் பறக்கிற முந்தானை உண்டா?

நிழலுக்காவது ஏதோ ஒரு சமாதானம் சொல்லிக்கொள்வேன். அந்தச் சிரிப்புக்கு என்ன சொல்ல? அந்தப் பெட்டியால் எடுப்பவர் குனிந்திருப்பதால், எதிரே நிற்பவருக்கு உச்சந்தலைதான் தெரியும். ஒரு உச்சந்தலையைப் பார்த்து அப்படிச் சிரித்திருக்கிறீர்கள். அவளுக்கு அது கண்ணாடியில் மாறித் தெரிந்திருக்கும். சரியாகத் தெரிவது எனக்குத்தான். கட்டிக்கொண்டு ஆறு வருஷம் ஆகிறது, என் பக்கம் அது வந்ததே இல்லை.

சித்திரை அமாவாசைக்கு மறுநாள் பாடு பிரிக்கிற சீட்டு. ஏரியில் யார் எங்கே வலை போடுவது என்று குலுக்கும்போது, பெயருக்கு உரியவன் நேரில் நிற்க வேண்டும். பெண்டாட்டி நின்றால் செல்லாது. போன தடவை தலைவர் பொன்னுரங்கம் தயவு பார்த்தார். இந்தத் தடவையும் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவோம் என்கிறார். உங்கள் பெயரில் என் தம்பி சிங்காரம் வலை போடுவதால்தான் நம் வீட்டில் உலை கொதிக்கிறது. நீங்கள் வருவீர்கள் என்று அம்மன் கோவிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டேன்.

வந்துவிடுங்கள். ஒன்றும் கேட்கமாட்டேன் என்று சொன்னால் பொய். என் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியும். இரண்டு நாள் கேட்பேன், அப்புறம் விட்டுவிடுவேன்.

வர மனமில்லை என்றால் இன்னொரு படம் அனுப்புங்கள். இந்தத் தடவை பெட்டியை நீங்கள் பிடித்துக்கொண்டு அவளை வெயிலில் நிற்க வையுங்கள். முகத்தைப் பார்த்துவிட்டு, பெயரை அடிக்கச் சொல்லி நானே தலைவரிடம் போகிறேன்.

அங்கே கடல் பொல்லாதது என்கிறார்கள். உங்கள் உயிருக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று தினமும் அம்மனைக் கேட்கிறேன். நேற்றும் கேட்டேன்.

இப்படிக்கு,
இன்றைய தேதிவரை உங்கள் மனைவி,
லோகநாயகி