டைகர் நாய்க்குள் போன ஆராய்ச்சிப் புரதம்

அனுப்புநர்:
ப. சீனியம்மாள் (வயது 67),
மேலத் தெரு,
இராஜபாளையம்.

பெறுநர்:
உயர்திரு இணை இயக்குநர் அவர்கள்,
கால்நடை பராமரிப்புத் துறை,
விருதுநகர்.

பொருள்: என் பேத்தியின் ஆராய்ச்சிப் பொருளைத் தங்கள் துறைக் கம்பவுண்டர் நாய்க்கு ஊசியாகப் போட்டது – மேற்படி நாயின் இரத்தம் கோருவது – தொடர்பாக.

மரியாதைக்குரிய ஐயா, வணக்கம்.

1. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மனு எழுதிக் கொடுப்பவரிடம் போகவில்லை. அவர் எழுதினால் என் கோபம் பாதியாகிவிடும்.

2. என் மகள் வயிற்றுப் பேத்தி பரிபூரணம் மதுரையில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். நம் இரத்தத்தில் நோயை எதிர்க்கும் அணுக்கள் காவல் இருக்கின்றனவாம். வருவது சொந்தமா அன்னியமா என்று தொட்டுப் பார்க்கும் ஏற்பி ஒன்று அந்த அணுவின் மேல் உண்டாம். அந்த ஏற்பியின் மரபணுவை வேறொரு கிருமிக்குள் வைத்து, அந்தக் கிருமியையே ஏற்பிப் புரதத்தைச் செய்ய வைக்கிறார்கள். ஊரான் பிள்ளையை வேலை வாங்குவதுபோலத்தான். திருவனந்தபுரத்தில் மாதக்கணக்கில் தங்கி அவளே செய்தது. மருந்து அல்ல. ஆராய்ச்சிக்கூடத்தில் வைத்துச் சோதிப்பதற்கு மட்டும்.

3. ஆடிப்பூரத் தேரன்று அதை இரண்டு சின்னக் குப்பிகளில், ஐஸ் போட்ட பிளாஸ்கில் மதுரைக்குக் கொண்டுபோனாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் ஓடுகிறது, பஸ் போகாது என்று இராஜபாளையத்திலேயே இறக்கிவிட்டார்கள். தேர் எப்போது நிலைக்கு வரும் என்பது ஆண்டாளுக்கே தெரியாது. ஐஸ் கரைந்துகொண்டிருந்தது.

4. எங்கள் தெருவில் பிரிட்ஜ் இருப்பது பேண்டேஜ் துணி வியாபாரி காளிராஜ் வீட்டில் மட்டும். 1958இல் அவருடைய அத்தை கல்யாணப் பந்தியில், இலையில் அப்பளம் வைத்த பிறகு என் தாயாரை எழுப்பிவிட்டு மில் மேனேஜரை உட்கார வைத்தார்கள். அன்றிலிருந்து அந்தப் படியை நான் மிதித்ததில்லை. பேத்திக்காக மிதித்து, குப்பிகளை அந்தப் பிரிட்ஜில் வைத்துவிட்டு வந்தேன். அப்பளம் மனுவுக்குச் சம்பந்தமில்லை என்றால் தாங்கள் அடித்துவிடலாம். நான் எழுதியாயிற்று.

5. மறுநாள் குப்பிகளை வாங்கப் போனோம். இரண்டும் காலியாகத் தொட்டித் தண்ணீரில் மிதந்தன. காளிராஜ் சிரித்துக்கொண்டே சொன்னது: “நோய் எதிர்ப்புன்னு ஒங்க பேத்திதான சொன்னா ஆச்சி? டைகருக்குப் போட்டாச்சு. எந்த உசுருக்குப் போனா என்ன?” டைகர் அவருடைய நாய். அந்த மாதம் ஊரில் நாய்களுக்குச் சீக்கு. ஊசி போட்டவர் தங்கள் துறைக் கம்பவுண்டர் வேல்சாமி. ஆராய்ச்சிக்கு மட்டும் என்று குப்பியில் ஒட்டியிருந்ததைப் படிக்கவில்லையா என்று கேட்டதற்கு, கண்ணாடி போடவில்லை என்கிறார். கண்ணாடி இல்லாமல் நாயின் தொடை மட்டும் எப்படித் தெரிந்தது என்பதைத் தாங்கள் விசாரிக்க வேண்டும். அவர் எந்த ஆஸ்பத்திரி என்று எழுதமாட்டேன். அங்குள்ள டாக்டரம்மா என் பசுவுக்குப் பிரசவம் பார்த்தவர்.

6. நாய்க்கு ஒரு தும்மல்கூட இல்லை. அழுது முடித்த பரிபூரணம் முகம் கழுவிவிட்டு ஒன்று சொன்னாள். அன்னியப் புரதம் உள்ளே போனதால், அதைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் நாயின் இரத்தத்தில் உண்டாகலாம். உண்டானால், அதைக் கொண்டே அவள் வேலையைத் தொடரலாம். நிச்சயம் இல்லை. ஆனால் மிச்சமிருக்கும் ஒரே வழி அந்த நாய்தான். சில வாரம் கழித்து இரத்தம் எடுக்க வேண்டும். கேட்டதற்கு, தன் நாயின் இரத்தம் ராஜ இரத்தம் என்று காளிராஜ் கதவைச் சாத்திவிட்டார். இப்போது வெளிநாட்டு ஊசி போட்ட நாய் என்று சொல்லிக் கோயம்புத்தூர்க்காரர் ஒருவருக்கு விற்கப் பேசிவிட்டார். பேத்தியின் படிப்பு அதோடு ரயிலேறிவிடும்.

7. ஆகவே, டாக்டர் ஒருவரை அனுப்பி நாயின் இரத்தம் எடுத்துத் தர வேண்டும். வேல்சாமியை அனுப்ப வேண்டாம். நடந்தது உண்மை என்று பேத்தியின் பேராசிரியருக்குத் தங்கள் முத்திரையோடு ஒரு கடிதமும் வேண்டும். அவர் இதைக் கதை என்கிறார். குற்றம் சொல்ல முடியாது. எனக்கே அப்படித்தான் இருக்கிறது.

8. நாயைக் காணவில்லை என்று காளிராஜ் போலீசில் சொல்லியிருப்பதாகக் கேள்வி. காணாமல் போகவில்லை. என் மாட்டுத் தொழுவத்தில் கட்டிக் கிடக்கிறது. பழையதும் மோரும் ஊற்றுகிறேன். சொந்த வீட்டுப் பக்கம் அது திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை. நாய் அவருடையதுதான், மறுக்கவில்லை. உள்ளே இருப்பது என் பேத்தியுடையது. இரண்டையும் பிரித்துக் கொடுக்கத் தங்கள் டாக்டர் வரட்டும். அன்றைக்கே அவிழ்த்துவிடுகிறேன்.

டாக்டர் வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்,

ப. சீனியம்மாள்

இடம்: இராஜபாளையம்
நாள்: 26.8.1991