பிள்ளைகள் மட்டும் ஏன் இரட்டிக்கவில்லை?

அன்புத் தோழி,

காலையில் ஒரு சாவு வீட்டுக்குப் போய் வந்தேன். தலைக்குக் குளித்தும் சாம்பிராணி வாசம் கூந்தலை விட்டுப் போகவில்லை. அங்கே ஒப்பாரி ஓய்ந்ததும் பெண்கள் பிள்ளையைப் பறிகொடுத்தவளைச் சுற்றிப் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். "என்ன குத்தம் செஞ்ச?" என்று ஒருத்தியும் கேட்கவில்லை. அந்தப் பழக்கத்தை உன்னிடமிருந்து நான் பிடித்தேன், என்னிடமிருந்து அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். உன் வேதப்புத்தகத்தை அவர்கள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

என் மகன் காய்ச்சலில் போனபோது நம் ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளில் இப்படியா இருந்தது? மாரியம்மனுக்கு நேர்ந்த கூழை நான் ஊற்றாததால்தான் போனான் என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பிவிட்டேன். நீ மட்டும் ஒப்பாரியும் வைக்கவில்லை, வாயும் திறக்கவில்லை. "வேதக்காரிக்கு அழக்கூடத் தெரியாது" என்று உன்னை ஏசினார்கள். எனக்கும் உன்மேல் கோபம்தான்.

பிறகு, மழையால் ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லாத ஒரு நாள், புத்தகத்தோடு வந்தாய். நீ எழுத்துக்கூட்டி வாசித்த அழகில் பொறுமை போய், நானே பிடுங்கி வாசித்தேன். சொத்து, பிள்ளைகள், உடம்பு எல்லாம் போய்ச் சாம்பலில் உட்கார்ந்த ஒரு நல்லவனின் கதை. பார்க்க வந்த நண்பர்கள் முதலில் பேசாமல் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்ததும், நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்றார்கள். அவன் ஒத்துக்கொள்ளாமல் சாமியோடேயே வழக்காடினான்.

"சாமிகிட்ட சண்ட போட்டவன் கதைய ஏன் புள்ள ஒங்க வேதத்துல வச்சிருக்காங்க?"

"தெரியலயே. ஆனா சாமி கடைசியில குத்தம் சொன்னவங்களத்தான் கண்டிக்குது, பாரு."

மகன் போன பிறகு அன்றைக்குத்தான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

அதற்கப்புறம் உன்னை விட்டேனா? அவன் ஏன் துன்பப்பட்டான் என்று சாமி கடைசிவரை சொல்லவே இல்லையே, மழையையும் காட்டு ஆடுகளையும் பற்றித் திருப்பிக் கேட்டால் அது பதிலாகுமா என்று வெட்டுக்காடு முழுக்க உன்னை நச்சரித்தேன். "போதகர் வந்தா நீயே கேட்டுக்க லா, என் உசுர வாங்காத" என்று சிரிப்பாய். உன்னை மடக்கியது ஒரே ஒரு கேள்விதான்.

"துன்பம் தீந்ததும் ஆடு, மாடு, ஒட்டகம் எல்லாம் ரெண்டு மடங்கா கெடச்சிச்சு. புள்ளைங்க மட்டும் ஏன் செத்த பத்துக்குப் பத்துதான் திரும்பப் பொறந்துச்சு?"

பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "அட, ஆமா. நான் கவனிச்சதே இல்ல. யோசிச்சுச் சொல்றேன்."

அதற்குள் ரப்பர் விலை விழுந்தது. ஆள் குறைத்தபோது உன் குடும்பத்தையும் கடல் தாண்டிச் சொந்த ஊருக்கே கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். ஊர் போய்ச் சேர்ந்த கொஞ்ச காலத்திலேயே நீ கண்ணை மூடிவிட்டாய் என்று சேதி வந்தது. பாவி, பதில் சொல்லாமலே போய்விட்டாயே என்று வாய்விட்டு அழுதேன்.

அதன் பிறகு எனக்கு இரண்டு பெண்கள் பிறந்தார்கள். போன வாரம் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், பேர் பதிய வந்த ஆஸ்பத்திரிக் கிராணி, யாழ்ப்பாணத்துக்காரர், "உமக்கு எத்தினை பிள்ளையள்?" என்று கேட்டார். "மூணு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் திருத்தவில்லை. தலையை மட்டும் குனிந்துகொண்டார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. செத்த மாட்டை யாரும் எண்ணுவதில்லை. சாம்பலில் உட்கார்ந்த அந்த நல்லவனுக்கும் பிள்ளைகள் இரண்டு மடங்குதான், புள்ள. போனவர்களையும் அவன் சேர்த்துத்தான் எண்ணியிருப்பான்.