வெந்நீர் போட்டாச்சா

அன்பு மகள் கீர்த்திக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பியும் நலம். நீயும் நலம் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாய், அதை மட்டும் என்னால் நம்ப முடியவில்லை.

நம் வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கிறது, அதனால்தான் எழுதி, நீ இருக்கும் மஸ்கட்டுக்குத் திரும்பும் உன் தோழி ஏஞ்சலிடம் கொடுத்து அனுப்புகிறேன். இங்கே மழை விடவில்லை, தெருவில் யாரும் தறிக்குப் பாவு போடவில்லை, தம்பி ஒரு பேப்பரில் கோட்டை விட்டுவிட்டான். அதெல்லாம் இருக்கட்டும். மார்ச்சில் பழைய வேலையை விட்டதிலிருந்து உனக்கு வயிற்றுவலி, மூன்று ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. ஏன் விட்டாய் என்றால் "ஒண்ணுமில்லமா" என்கிறாய். அந்தக் குரல் எனக்குத் தெரியும், அது என் குரல்.

மார்கழியிலும் உங்களைப் பச்சைத் தண்ணீரில் குளிக்க வைத்தேன், "கேஸ் மிச்சம் பிடிக்கிற கஞ்சமா" என்று கிண்டல் செய்வாய். அது சிக்கனம் இல்லை கீர்த்தி. எனக்கு ஒன்பது வயதில் என் அம்மா சாயப்பட்டறையில் வேலை செய்தாள். அங்கே என் தம்பி ராமராஜனைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள், அவனுக்கு இரண்டு வயது. நான் வேறு பக்கம் திரும்பியிருந்தேன், பட்டுநூல் வேகும் அண்டாவில் விழுந்துவிட்டான். பிழைக்கவில்லை. "யார் கேட்டாலும் ஜுரம்னு சொல்லுமா" என்றாள் அம்மா. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஜுரம் என்றே சொன்னேன், உன் அப்பாவிடமும். தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டாலே மூச்சு அடைக்கும், வீசிங் என்று இன்ஹேலர் பம்ப் வாங்கினோம்.

போன மாதம் புது டாக்டரம்மா, "நுரையீரல் சுத்தமா இருக்குது. யார்கிட்டயும் சொல்லாம உள்ளயே வெச்சிக்கினு இருக்கறது ஏதாச்சும் இருக்குதாமா?" என்று கேட்டார். வீட்டில் முதல் டிகிரி வாங்கியவள் என்று பேர்தான், கூச்சத்தில் "ஒண்ணுமில்லங்க" என்று எழுந்து வந்துவிட்டேன். திரும்பும்போது ஆட்டோவில் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். டிரைவர் காதிலும் விழுந்திருக்கும், விழட்டும். தெருமுனை வந்ததும் அப்பா என் பக்கம் திரும்பினார். பிறகு, "ஒம்போது வயசுமா உனக்கு" என்றார், அவ்வளவுதான். மறுநாளிலிருந்து வெந்நீர் அவர்தான் போடுகிறார், அடுப்பை அணைத்ததும் "மகாராணி உள்ள வரலாம்" என்று கத்துகிறார். பம்ப் இன்னும் பையில்தான் இருக்கிறது, டாக்டர் சொல்லாமல் விடமாட்டேன், ஆனால் இந்த மாதம் இரண்டு முறைதான் எடுத்தேன்.

உனக்கு என்ன நடந்தது என்று கேட்கவில்லை. என்னிடம்தான் சொல்ல வேண்டும் என்றும் இல்லை, ஏஞ்சலிடம் சொல், அங்கே ஒரு டாக்டரிடம் சொல். உள்ளே வைத்துக்கொண்டு ஸ்கேன் ஸ்கேனாக அலையாதே. ஊருக்கு வா என்று கட்டாயப்படுத்த மாட்டோம்.

மாகறல் கோயிலில் உன் பேருக்கு அர்ச்சனை செய்தேன், சாமி துணையிருப்பார், நன்றாக இரு, வேளைக்குச் சாப்பிடு. ஒன்று மறக்காதே. பேச வேண்டும் போலிருந்தால் போனில் "வெந்நீர் போட்டாச்சாமா" என்று மட்டும் கேள். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு மாடிக்குப் போய்விடுவேன், நீ முடிக்கும்வரை இறங்க மாட்டேன்.

உன் அம்மா
நதியா