விலகாத நாய்

அன்புள்ள நோர்ஜின்,

ஆடுகள் தேறினவா? அம்மாவின் மூட்டுவலி எப்படியிருக்கிறது? உன் தம்பி தோர்லிக், நான் இருவரும் நலம்.

இந்தப் புல்லறுப்பில் நாய்களுக்கும் ஓய்வில்லை. டிராக்டருக்கு முன்னால் ஓடி எலி பிடிக்கும்; வண்டியின் அறுப்புக் கத்தி நெருங்கினால் விலகிவிடும். நேற்று மதியம் எல்லோரும் குதிரைப்பால் குடித்துவிட்டுப் படுத்தார்கள். மழைக்கு முன் முடிக்கலாமென்று நான் மட்டும் வண்டியை எடுத்தேன். நம் நாய் ஹசார் மட்டும் விலகாமல் முன்னால் நின்று குரைத்தது. மண்கட்டியால் எறிந்தேன், அசையவில்லை. உதைக்கலாமென்று இறங்கிப் போனால், அதன் பின்னால் இரண்டு பூட்ஸ். நிழலுக்காக அறுக்காத புல்லுக்குள் போய்ப் படுத்திருக்கிறான் உன் தம்பி.

"ஏன் மாமா, இப்பத்தானே கண்ணசந்தேன்! அதுக்குள்ள நாயை ஏவி விட்டுட்டீங்களா?" என்றான்.

சத்தம் கேட்டு மற்றவர்களும் எழுந்து வந்தார்கள்; எல்லோரும் சிரித்தோம். நீ பயப்படாதே.

உன் பழைய சிவப்பு அங்கியைக் கிழித்து அனுப்பு. படுப்பவன் தலைமாட்டில் கம்பு நட்டுக் கட்டிவிடலாம். ஹசாருக்குக் கொஞ்சம் கொழுப்பும் அனுப்பு.

கடிதம் கொண்டுவரும் லாரி கிளம்புகிறது. எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்து, டிராக்டர் ஓட்டிக் கை நடுங்குகிறது என்று நினைப்பாய். நேற்றிலிருந்து நான் அதில் ஏறவேயில்லை.

உன் லுவ்சான்