கடைசிப் பலகையை இன்னும் மாட்டவில்லை

அன்பு மகள் லினெட்டுக்கு, உன் அப்பா தன் கையாலேயே எழுதுவது. அங்கே நியூசிலாந்தில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகம். அம்மா சுகமில்லை. இத்தனை வருஷமும் அவள்தான் எனக்கும் சேர்த்து உனக்கு எழுதினாள், இருவரும் நலம் என்றுதான் ஆரம்பிப்பாள். இந்த முறை அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆமாம், நானேதான், நம்பு. செவ்வாய்க்கிழமைகளில் நூலகத்தில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் வகுப்பு நடக்கிறது. கொடியில் காற்றடித்த துணி மாதிரி என் எழுத்து ஒரு பக்கமாகச் சாய்கிறது என்று டீச்சர் சிரிக்கிறாள். சாய்ந்தால் என்ன, ஒவ்வொரு வார்த்தை முடிந்ததும் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துக்கொள்கிறேன். எழுபத்தொன்பது வயசில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று யார் கண்டது. முதல் கடிதமே இந்தச் சேதியாகப் போனதுதான் எனக்கு ஆறவில்லை. அம்மாவுக்கு வயிற்றில் புற்று. பிப்ரவரியில் திறந்து பார்த்துவிட்டு அப்படியே தைத்துவிட்டார்கள். கோடை முடியும்வரை இருந்தால் பெரிது என்றார் டாக்டர். உனக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும்போது முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்து கலகலவென்று பேசுகிறாளே, போனை வைத்தபிறகு வெகுநேரம் கண்ணைத் திறப்பதில்லை.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. கூரை விளிம்புப் பலகையில் பெயின்ட் உரிந்து தொங்குகிறது அல்லவா, அதைச் சரி பண்ணச் சொன்னாள். சவ வண்டி வாசல்ல வந்து நிக்கும்போது தெருவே அண்ணாந்து பாக்கும், பெட்டிக்குள்ள கிடந்து நான் வெக்கப்படணுமா என்றாள். பக்கத்து வீட்டு கென் மாமாவும் நானும் சாரம் கட்டி, மழைத்தண்ணீர் ஓடும் பீலியைக் கழற்றி, பழைய மரத்தின் மேல் வெள்ளை பிளாஸ்டிக் பலகை அடிக்கத் தொடங்கினோம். அவள் ஜன்னல் பக்கத்து மூலையில் திருப்புளியை வைத்தால் பிடிவரை உள்ளே போகிறது, அவ்வளவும் உளுத்துப்போன மரம். மேலயே அடிச்சுட்டுப் போவோம் நார்மன், வெள்ளை ஏறிட்டா உள்ள என்ன இருக்குன்னு எவனுக்குத் தெரியும், அதுக்குள்ள நாமளே போய்ச் சேந்துடுவோம் என்றார் கென். எனக்கு மனசு வரவில்லை. உளுத்ததை வெட்டி எடுத்துப் புது மரம் வைத்தேன். டீ வரும்வரை அவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். வெயிலில் பிளாஸ்டிக் நீளும், முனையில் இடைவெளி விடு என்று பலகைக் கட்டின் மேல் ஒட்டியிருந்த தாளை நானே படித்துச் சொன்னதும் குனிந்து தானும் பார்த்தார், அதையும் உனக்குச் சொல்ல வேண்டும். அம்மா உள்ளிருந்து, ரெண்டு கிழடும் விழுந்து தொலைங்க, ஒரே வண்டில மூணு பேரும் போயிடலாம்னு கத்தினாள். சிரிப்பில் ஆணி கை தவறி விழுந்தது.

மூன்று பலகை ஏறிவிட்டது. அவள் ஜன்னலுக்கு மேலே வரவேண்டிய கடைசிப் பலகை மட்டும் பாக்கி. கடையில் இன்னும் வரவில்லை என்று அவளிடம் பொய் சொல்லியிருக்கிறேன். அது பின்னால் கொட்டகையில் சாக்கு போர்த்திக் கிடக்கிறது. எல்லாம் முடிந்தது என்று தெரிந்தால் கையைக் கழுவிவிட்டுக் கிளம்பிவிடுவாளோ என்று எனக்குப் பயம், பைத்தியக்காரத்தனம்தான். தினம் காலையில் பலகை வந்துச்சா கிழவா என்று கேட்பாள். ஒரு வாரமாகக் கேட்பதில்லை. அதனால்தான் சத்தியத்தை மீறி எழுதுகிறேன்.

போனில் எதையும் காட்டிக்கொள்ளாதே, அழாதே. சும்மா பார்க்க வருகிறேன் என்று சொல், நம்புகிற மாதிரி நடிப்பாள், நடிக்கட்டும். அங்கே குளிர், இங்கே வெயில், கனத்த கோட்டைத் தூக்கி வராதே. குழந்தைக்குப் படம் வரையும் தாள் எடுத்து வா. உங்கள் மூவருக்கும் ஒரு குறையும் வராமல் கடவுள் காக்கட்டும். ஒன்று மறந்துவிடாதே, அந்தப் பலகை நீளம், ஒருத்தனால் தூக்கிப் பிடிக்க முடியாது, கென் மாமாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. சீக்கிரம் வந்து மறுமுனையைப் பிடி.

இப்படிக்கு, இதை எழுத நான்கு நாள் எடுத்துக்கொண்ட உன் அப்பா,
நார்மன்